கொம்பு மான் வேட்டை: வழிகாட்டியை அமர்த்துவதா, வேண்டாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் துப்பாக்கி உரிமத்தோடு வேட்டைக்குப் போகும் நம்மவர்களுக்குப் பழகிய மிருகம் காட்டுப்பன்றி. புதிதாக நட்ட கன்றுகளின் அடியைக் கிளறிக் குருத்தைத் தின்று, நிரை நிரையாகப் பாழாக்கிவிட்டுப் போகும் பன்றிகளை விரட்டத் தோட்ட நிர்வாகமே இவர்களைக் கூப்பிட்டனுப்புவதும் உண்டு. இப்படிக் கைப்பழக்கம் பெற்ற ஒருவருக்கு, நியூசிலாந்துக்குப் போய்ப் பெரிய கிளைக்கொம்புடைய ஆண் மானான கலைமான் ஒன்றை வேட்டையாடி, அந்தக் கொம்பை வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், அவரை அதிகம் அலைக்கழிக்கும் கேள்வி இதுதான்: பயணச் செலவில் பெரும்பங்கை விழுங்கக்கூடிய வேட்டை வழிகாட்டியை அமர்த்துவதா, தாமே பார்த்துக்கொள்வதா? "காட்டிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இன்னொருத்தன் எதுக்குண்ணே வழி காட்டணும்?" என்று ஒட்டுக்கடையில் தம்பி ஒருவர் கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய விடை ஒரு வரியில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் நாம் ரூசா என்று சொல்லும் கடமானையும், கிஜாங் எனப்படும் குரைக்கும் மானையும் வேட்டையாடுவது 2009-ஆம் ஆண்டில் நிறுத்திவைக்கப்பட்டு, அந்தத் தடை பின்னர் நீட்டிக்கவும் பட்டது. கடமான் மலாயாப் புலியின் முக்கிய இரை; அந்தப் புலிகளோ காட்டில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு கண்டறிந்தது. ஆகவே உள்ளூர்க் காட்டில் மான் காட்டித் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால், அவர் உங்களைக் காட்டு வழியாக நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகிறவர் என்று எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தில் எந்த ஐயம் இருந்தாலும் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறை அலுவலகத்தை நேரில் கேட்பதே சரி.

நியூசிலாந்தில் நிலைமை வேறு. வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இல்லாத அந்நாட்டுக்கு மான்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. செம்மான், வாப்பிட்டி, சீகா, ஃபேலோ, கடமான், ஜாவா ரூசா, வெள்ளைவால் மான் என்று ஏழு வகை மான்கள் இன்று அங்கே காட்டில் திரிகின்றன. அவை இளமரங்களையும் செடிகொடிகளையும் மேய்ந்து காட்டையே மாற்றிவிடுவதால், அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை தன் நிலங்களில் வேட்டையாட இலவசமாகவே அனுமதிச் சீட்டு தருகிறது. கொம்பைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் நாடுவது செம்மானை. இனி வருவனவற்றையும் அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

சட்டமே முடிவு செய்துவிடும் இடங்கள்

சில நாடுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அலாஸ்காவில் அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத வெளிநாட்டவர், மான் உள்ளிட்ட எந்தப் பெருவிலங்கை வேட்டையாடுவதற்கும் வழிகாட்டியை வைத்தே ஆக வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், உரிமம் பெற்ற வழிகாட்டியோ அதற்கென அனுமதி பெற்ற உள்ளூர்வாசியோ உடன் வராமல் வெளியூர்க்காரர் பெருவிலங்கு வேட்டைக்குப் போக முடியாது. வயோமிங் மாநிலத்தில் பொது நிலம் எல்லாவற்றுக்கும் அல்லாமல், மத்திய அரசு வனாந்தரப் பகுதியாக அறிவித்த நிலங்களுக்கு மட்டும் இந்தக் கட்டாயம் உண்டு. ஸ்காட்லாந்தில் வேட்டை உரிமை நில உடைமையாளரைச் சேர்ந்தது; விருந்தாளியாகப் போகிறவருடன் அந்த நிலத்தின் வேட்டைப் பணியாளர் வருவதே வழக்கம்.

நியூசிலாந்தில் அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. ஆனால் துப்பாக்கிச் சட்டம் வேறு வழியாக வந்து குறுக்கே நிற்கிறது. அங்கே துப்பாக்கியைத் தனியாகக் கையாள வேண்டுமானால் வருகையாளருக்கான துப்பாக்கி உரிமத்தைப் பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துப் பெற வேண்டும். அந்த உரிமம் இல்லாதவர், உரிமம் உள்ள ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே சுடலாம். நேரடிக் கண்காணிப்பு என்றால், வேண்டியபோது கைநீட்டித் துப்பாக்கியைத் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் அளவுக்கு அவர் அருகிலேயே இருக்க வேண்டும். ஆகவே உரிமத்துக்கு விண்ணப்பிக்க நேரமோ பொறுமையோ இல்லாதவருக்கு வழிகாட்டியோ, உரிமம் வைத்திருக்கும் உறவினரோ இல்லாமல் வேட்டையே இல்லை. சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தையும் நான் ஊக்குவிக்க மாட்டேன். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் இங்கிருந்து வெளியே கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் காவல் துறையின் அனுமதி வேண்டும். விமான நிறுவனத்தின் நிபந்தனைகள் தனி. இவ்வளவும் செய்து கொண்டுபோவது பன்றி சுடும் 12-போர் (bore) சிதறுகுண்டுத் துப்பாக்கியாக இருந்தால், இருநூறு மீட்டருக்கு அப்பால் எதிர்மலைச் சரிவில் நிற்கும் மானுக்கு அதனால் பயனும் இல்லை.

பன்றி வேட்டை கற்றுத்தராதது

தோட்டத்துப் பழக்கம் வீண் என்று சொல்லவில்லை. தடம் பார்க்கவும், சத்தமில்லாமல் நடக்கவும், துப்பாக்கி முனையை யார் பக்கமும் திருப்பாமல் பிடிக்கவும் தெரிந்தவருக்கு அது எங்கும் உதவும். ஆனால் செம்பனை நிரைகளுக்கிடையே பன்றிக்குக் காத்திருப்பவர், எதிரே வந்த பன்றிகளில் வாகான ஒன்றைச் சுடுகிறார். எது கிடைத்தாலும் தோட்டத்துக்கு நன்மைதான். கொம்பு வேட்டைக்குப் போகிறவரின் நேரத்தில் பெரும்பகுதி எந்த மானைச் சுடக்கூடாது என்று பார்த்துக் கழிப்பதிலேயே போகும். டார்ச் அடித்துச் சுடும் பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலங்களில் இரவில் விளக்கடித்துச் சுடுவது தடை செய்யப்பட்டிருக்கிறது.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் முக்கியமாக எதற்கு என்று கேட்டால், மானின் வயதைத் தொலைவிலிருந்து கணிக்கும் கண்ணுக்கு என்பேன். செம்மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைப்பது; ஏழெட்டு வயதைத் தாண்டிய பிறகுதான் ஒரு கலைமான் தன் முழுக் கொம்பைக் காட்டும். இருநோக்கியில் முதன்முறையாகப் பார்க்கிறவருக்கு நான்கு வயது மானும் பிரமாண்டமாகத்தான் தெரியும், அதிலும் அது மலை முகட்டில் வானத்தைப் பின்னணியாக வைத்து நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். கொம்புக் கிளைகளின் முனைகளை எண்ணி, பன்னிரண்டு இருக்கிறதே என்று மகிழ்ந்து சுட்டுவிட்டு அருகில் போனால், தண்டு மெலிந்த, முனைகள் குட்டையான இளங்கொம்பு கிடக்கும். இன்னும் நான்கு ஆண்டுகள் விட்டிருந்தால் வேட்டைக்காரர்கள் பேசித் தீராத கொம்பாக அது வளர்ந்திருக்கும்.

அனுபவமுள்ளவர் கொம்பைக் கடைசியில்தான் பார்க்கிறார். பொங்கலுக்கு முன் மாடு வாங்கப் போகும் பெரியவர், பல்லைப் பார்ப்பதற்கு முன்பே அதன் நடையைப் பார்த்து விலை பேசுவது போன்றது அவருடைய முறை. இளமானுக்குக் கழுத்து மெல்லியது, தலை நிமிர்ந்திருக்கும், முதுகும் வயிறும் நேர்கோடாகத் தெரியும். முதிர்ந்த கலைமானின் கழுத்து தடித்து மார்போடு தாழச் சேர்ந்திருக்கும். உடலின் எடையெல்லாம் முன்னங்கால்களுக்கு மேல் வந்துவிட்டது போலத் தெரியும், வயிற்றுக் கோடு தொய்ந்திருக்கும், நடக்கும்போது தலையைத் தூக்காது. உடல் முதிர்ந்தது என்று உறுதியான பிறகே கொம்புக்கு வருவார்கள். தண்டின் நீளத்தையும் பருமனையும் காதோடும் முகத்தோடும் ஒப்பிடுவார்கள், இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, மேலே கிரீடம்போல் முனைகள் விரிகின்றனவா என்று பார்ப்பார்கள், மான் தலையைத் திருப்பும்வரை காத்திருந்து பக்கவாட்டிலும் பார்ப்பார்கள். இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. பல பருவங்கள் பல மான்களைப் பார்த்துவிட்டுச் சுடாமல் திரும்பியவருக்கே இந்தக் கண் வருகிறது. சில நாள் விடுப்பில் போகிறவர் அதை வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும்.

மலையின் போக்கும் அப்படித்தான். அங்கே சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால் வடக்கு நோக்கிய சரிவுகள் முதலில் சூடேறும். குளிர்ந்த காலையில் மான்கள் வெயில் காய அந்தப் பக்கம் வரும். விடியலில் குளிர்காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும், வெயில் ஏறியபின் அதே காற்று மேல்நோக்கித் திரும்பும். காற்றுத் திரும்பும் நேரத்தைத் தவறவிட்டு மானுக்குக் கீழே நிற்பவரின் வாடை மேலே போய்ச் சேர்ந்துவிட்டால், அன்றைய உழைப்பு முடிந்தது. இந்தப் பொதுவிதிகளை யாரும் மனப்பாடம் செய்யலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு பள்ளத்தாக்கில் எந்த ஓடைமுனையில் காற்று சுழலும், எந்த முகட்டிலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவு முழுவதும் தெரியும் என்பதை அறியவே புதியவருக்கு முதல் இரண்டு மூன்று நாள்கள் போய்விடும். கையில் இருப்பது ஐந்து நாள் என்றால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வேலிக்குள்ளா, வெளியிலா?

வழிகாட்டிகளின் விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கியவுடன் நம்மவர் குழம்பும் இடம் இது. நியூசிலாந்தில் கொம்பு வேட்டை இரண்டு விதமாக விற்கப்படுகிறது. ஒன்று, காட்டில் தானாகத் திரியும் மானைத் தேடிப் போவது. மற்றொன்று, உயர்ந்த வேலியால் சூழப்பட்ட தனியார் நிலத்தில், கொம்புக்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்ட மான்களில் ஒன்றைச் சுடுவது. விளம்பரப் படங்களில் கண்ணைப் பறிக்கும் முப்பது நாற்பது முனைக் கொம்புகள் அநேகமாக இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. காட்டு மானுக்குப் பன்னிரண்டு, பதினான்கு முனைகளே பெருமைக்குரியவை. வேலிக்குள் கட்டணம் பெரும்பாலும் கொம்பின் அளவுப்படி ஏறும், வெற்றி ஏறக்குறைய உறுதி. அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை; நடக்க முடியாத வயதானவருக்கு அது ஒரு வழி. ஆனால் வேலிக்குள் சுட்டதைக் காட்டு வேட்டை என்று ஊரில் சொல்லிக்கொள்ள நினைப்பவர் அந்தப் பணத்தைச் சேமித்து வைப்பது நல்லது. 1887-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் பூன் அண்டு குரோக்கெட் வேட்டைச் சங்கம், வேலிக்குள் சுடப்பட்ட விலங்கைத் தன் பதிவேட்டில் சேர்ப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்கலாம். வேலியா, திறந்த காடா என்பதை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். பதில் வளைந்து வளைந்து வந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

வழிகாட்டி தேவைப்படாதவர்

யாருக்கு வழிகாட்டி வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்லாந்திலோ கிறைஸ்ட்சர்ச்சிலோ குடியேறிய மைத்துனரோ அண்ணன் மகனோ துப்பாக்கி உரிமத்தோடு அங்கே வேட்டையாடுகிறவராக இருந்து, உங்களோடு வர ஒப்புக்கொண்டால், அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. கொம்பு எந்த அளவாக இருந்தாலும் சரி, அல்லது கிடைக்காமலே போனாலும் சரி, மலையில் நடந்து மானைத் தேடும் அனுபவமே போதும் என்று உண்மையாகவே நினைப்பவருக்கும் வழிகாட்டி அவசியமில்லை. அவர் உரிமம் பெற்று, இலவச அனுமதிச் சீட்டு எடுத்து, இயற்கைப் பாதுகாப்புத் துறையின் மலைக்குடில்களில் தங்கி வேட்டையாடலாம். மறுபடியும் மறுபடியும் போகத் திட்டமிட்டிருப்பவருக்கும் தாமே தடுமாறிக் கற்பது நீண்ட நாளில் லாபம்.

ஆனால் தனியாகப் போக எண்ணுபவர் தம்மைச் சோதித்துப் பார்க்கட்டும். முதுகில் பதினைந்து கிலோ பையோடு ஈப்போவின் கிளேடாங் மலையில் ஏறி இறங்கி, மறுநாளும் அதையே செய்ய முடிகிறதா? கைப்பேசித் தொடர்பு இல்லாத இடத்தில் வரைபடத்தைப் பார்த்துத் திரும்ப முடியுமா? சுட்ட மானைத் தாமே வகிர்ந்து, இறைச்சியையும் கொம்பையும் தோளில் சுமந்து இறக்க முடியுமா? முப்பது பாகைச் சூட்டில் வாழும் நமக்கு, ஏப்ரல் மாதத்தில் தென்தீவு மலைகளில் மழையில் நனைந்தபின் வீசும் காற்று எப்படிப்பட்டது என்று தெரியாது. அங்கே பாம்போ புலியோ இல்லை. ஆளைக் கொல்வது குளிரும், மழைக்குப் பின் பெருகும் ஆறுகளும், மானென்று எண்ணி மனிதனைச் சுட்டுவிடும் அவசரமும். மான்கள் இணைதேடி உறுமும் பருவத்தில் வேட்டைக்காரர்களும் அந்த உறுமலைப் போலவே குரல் கொடுத்து மானை அழைப்பதால், ஐயத்துக்கு இடமில்லாமல் இலக்கை அடையாளம் காணும் வரை விசையில் விரல் போகக்கூடாது. தனியாகப் போகிறவர் இருப்பிடத்தை அறிவிக்கும் அவசரக் கருவியை வாடகைக்காவது எடுத்துச் செல்வது கட்டாயம் என்றே சொல்வேன்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பதும் அதுதான். முழுப் பயணத்துக்கும் வழிகாட்டியை வைக்காமல், முதல் மூன்று நாள்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மீதி நாள்களை உரிமத்தோடு தனியாகச் செலவிடுவது. அந்த மூன்று நாள்களில் மான் விழாவிட்டாலும், வயதைக் கணிப்பது எப்படி, காற்றைப் பார்ப்பது எப்படி என்று பக்கத்தில் நின்று கற்றிருப்பீர்கள். எல்லா வழிகாட்டிகளும் இதற்கு இசைய மாட்டார்கள், குறிப்பாக உச்சப் பருவத்தில். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

அமர்த்துவது என்று முடிவானால்

பேச்சுவார்த்தையில் கூச்சம் பார்க்க வேண்டாம். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் நிலத்தில் பணம் பெற்று வழிகாட்டுகிறவர் அந்தத் துறையிடமிருந்து வணிக அனுமதி பெற்றிருக்க வேண்டும். அது இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அந்நாட்டின் தொழில்முறை வேட்டை வழிகாட்டிகள் சங்கத்தில் உறுப்பினரா என்றும் கேட்கலாம். சொன்ன விலையில் 15 விழுக்காடு சரக்கு சேவை வரி அடங்குமா, நாள் கட்டணம் தனி, கொம்புக் கட்டணம் தனியா, ஹெலிகாப்டர் ஏற வேண்டியிருந்தால் அது யார் செலவு என்பவற்றை மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள். ஒரு வழிகாட்டிக்கு ஒருவரா, இருவரா என்பது முக்கியம். நண்பரோடு சேர்ந்து போனால் கட்டணம் குறையும், ஆனால் நல்ல மான் எதிரே நிற்கும்போது யார் சுடுவது என்று மலையில் வைத்துப் பேச முடியாது, ஆகவே விமானம் ஏறும் முன்பே இருவரும் பேசி முடித்துவிடுங்கள். உங்களுக்குக் கடிதம் எழுதும் உரிமையாளரே மலைக்கு வருவாரா, பருவத்துக்கு அமர்த்திய வேறு இளைஞரா என்பதையும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் பலர் படிக்காமல் விடும் வரி ஒன்று உண்டு. குண்டு பட்டுக் காயத்தோடு தப்பிப்போன மான், கிடைக்காவிட்டாலும் சுடப்பட்டதாகவே கணக்காகும். முழுக் கொம்புக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். இது நியாயமான விதியே. ஆனால் பழக்கமில்லாத துப்பாக்கியில், மூச்சு வாங்கிக்கொண்டே, சரிவில் படுத்துச் சுடப் போகும் நமக்கு இதன் பொருள் பெரிது. முதல் நாள் காலையில் வழிகாட்டியின் ரைஃபிளை வைத்து நூறு மீட்டரிலும் இருநூறு மீட்டரிலும் இலக்கு சுட்டுப் பார்க்க நேரம் ஒதுக்குமாறு கேளுங்கள். "இதற்கு மேல் தூரத்தில் நான் சுட மாட்டேன்" என்று உங்கள் எல்லையை அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல வழிகாட்டி அதைக் கேட்டு மகிழ்வார்.

கொம்பை அளக்கும் முறையையும் கேட்டுவையுங்கள். நியூசிலாந்தில் வழங்கும் டக்ளஸ் அளவை இரு பக்கச் சமச்சீருக்கு மதிப்புத் தருகிறது. சஃபாரி கிளப் என்ற வேட்டைச் சங்கத்தின் முறை கோணல் கொம்புக்கும் குறைக்காமல் எண் தரும். ஒரே கொம்புக்கு இரண்டிலும் வேறு வேறு எண் வருவதால், எந்த அளவையில் எவ்வளவு என்று தெரியாமல் விலை பேசக்கூடாது.

கொம்பை வீடு கொண்டுவந்து சேர்ப்பது தனி வேலை. வெந்நீரில் கொதிக்கவைத்துச் சதை நீக்கிய மண்டையோடும் கொம்பும் தோலோடு பாடம் செய்த தலையைவிட எளிதாகப் பயணப்படும். மலேசியாவுக்குள் கொண்டுவர விலங்குத் தனிமைப்படுத்தலையும் சோதனையையும் கவனிக்கும் அதிகாரிகளிடமும் பெர்ஹிலித்தானிடமும் என்னென்ன அனுமதி வேண்டும் என்பதை வேட்டைக்குப் பிறகு கேட்காமல், முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். வழிகாட்டியை அமர்த்தியவருக்கு இந்த ஏற்றுமதி வேலையைச் செய்யும் ஆளை அவரே அறிமுகப்படுத்துவார். தனியாகப் போகிறவர் அந்த ஆளையும் தாமே தேட வேண்டும்.

கடைசியாக நாள்காட்டி. செம்மான்கள் உறுமி இணைதேடும் பருவம் மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. பங்குனி உத்திரமும் சித்திரைப் புத்தாண்டும் அநேகமாக அதே வாரங்களில் வருவதால், காவடி தூக்கும் குடும்பத்தில் யாரிடம் எப்படி விடுப்புக் கேட்பது என்பது உங்கள் பொறுப்பு. அந்த வாரங்களுக்கு நல்ல வழிகாட்டிகளை ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள். திருவிழாவை விட முடியாதவர் மார்ச் தொடக்கத்திலோ மே மாதத்திலோ போகலாம். மார்ச் தொடக்கத்திலேயே வளரும் கொம்பை மூடியிருக்கும் பட்டுத்தோல் உரிந்து கொம்பு முற்றியிருக்கும், மலையில் ஆள் நடமாட்டமும் குறைவு. ஆனால் அப்போது மான் குரல் கொடுக்காது. எங்கே இருக்கிறது என்று காதால் அறிய வழியில்லை, கண்ணால் மட்டுமே தேட வேண்டும். உறுமல் பருவத்தில் வழிகாட்டி இல்லாமல் சமாளிக்கக்கூடியவர்கூட, அந்த அமைதியான மாதங்களில் போவதாக இருந்தால் ஒருவரை அமர்த்திக்கொள்வதே நல்லது.